தொட்டிக்கும் வேர்க்கும்!

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக் கொண்டிருந்த ஒரு சாயங்கால வேளை. அடுப்பில் ரசம் பொங்கி வரும் சமயம் பார்த்து வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், மாடி வீட்டுப் பெண் நின்று கொண்டிருந்தாள். கையில் ஒரு சிறு பூந்தொட்டி. அவள் முகத்தைப் பார்த்ததுமே சமாசாரம் நல்லதல்ல என்று தெரிந்துவிட்டது.

"மாமி, இதைக் கொஞ்சம் பாருங்கோளேன்" என்று தொட்டியை நீட்டினாள்.

பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் மயில் கழுத்து நீலத்தில் ஜொலித்த தொட்டி அது. இப்போது பொரித்த அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பிக் கொண்டிருந்தது. ஒரு கொப்புளத்தை விரலால் தொட்டேன். உள்ளே சில்லென்று ஈரம். வர்ணம் தோல் போல உரிந்து கையோடு வந்துவிட்டது. அது உரிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. தொட்டியில் இருந்த துளசிக் கன்றின் அடி இலைகள் பழுத்துத் தொங்கின.

"உன்னை யார் இப்படிப் பூசச் சொன்னது?" என்று கேட்க வாயெடுத்தேன். நல்ல வேளை, கேட்கவில்லை. சொன்னது நான்தான்!

வாராவாரம் இந்தப் பக்கத்தில் "இதைச் செய்யுங்கள், அதைச் செய்யுங்கள்" என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொண்டிருக்கிறவளுக்கு இப்படி ஒரு நாள் வர வேண்டியதுதான். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது என் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே எனாமல் டப்பாவைத் திறந்திருந்தால் தயவு செய்து மூடி வையுங்கள்.

அந்தப் பெண் இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டாள். கை மட்டும் சும்மா இருக்காது. அவள் வாசலில் கோலம் போட்டால், பால்காரர்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். புரட்டாசியில் ஒரு நாள், "வீட்டிலிருந்தபடியே நாலு காசு வருகிற மாதிரி ஏதாவது கைவேலை சொல்லுங்களேன், மாமி" என்று கேட்டாள். என் மேஜைமேல் பேனா, கத்தரிக்கோல் எல்லாம் போட்டு வைத்திருக்கும் மண் தொட்டியைக் காட்டினேன். பத்து வருஷத்துக்கு முன் நானே எனாமல் பூசிப் பூப்போட்டது. இன்றைக்கும் பளபளப்புக் குறையவில்லை. "இது மாதிரிப் பண்ணு. மண் தொட்டி மலிவு. எனாமல் இரண்டு பூச்சுக் கொடுத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று பெரிய அநுபவசாலி போலச் சொல்லி அனுப்பினேன்.

கெட்டிக்காரப் பெண். ஒரே வாரத்தில் மாதிரித் தொட்டி ஒன்றைச் செய்து, பக்கத்துத் தெருவில் கிரகப்பிரவேசம் நடத்தப் போகிற ஒரு வீட்டில் காட்டி, 51 தொட்டிகளுக்கு வாக்கு வாங்கிவிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு துளசிக் கன்று, தாம்பூலத்தோடு கொடுப்பதற்கு. தொட்டி ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் மொத்தம் 7,650. அதில் 3,000 முன்பணம். வேலையை விட்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் கையால் வீட்டுக்குக் கொண்டு வந்த பணம் அது. அதை எடுத்து நாலு அங்குலத் தொட்டி 51 வாங்கினாள். ஒன்று 35 ரூபாய். 20 தொட்டிகளுக்குப் பூசியும் முடித்துவிட்டாள். மாதிரித் தொட்டியில் மட்டும் கன்றை நட்டுத் தண்ணீர் விட்டுக் கொண்டு வந்தாள். அதுதான் இப்போது என் கையில் உரிந்து கொண்டிருந்தது.

விசேஷத்துக்கு இன்னும் 16 நாள்.

"அவர்கிட்ட இன்னும் சொல்லலை, மாமி. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு பார்க்கிறேன். ஆனா பாதிக்கு மேலே செலவாயிடுத்தே" என்றாள். குரல் தழுதழுத்தது.

கூடத்தில் பத்திரிகை படித்துக் கொண்டிருந்த என் கணவர் இதையெல்லாம் கேட்டுக் கொண்டுதான் இருந்தார் போலிருக்கிறது. தலையை நிமிர்த்தாமலே, "உன் மேஜைமேல் இருக்கிற தொட்டியில் நீ எப்போதாவது தண்ணீர் ஊற்றியிருக்கிறாயா?" என்று கேட்டார்.

"பேனாவுக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?" என்று சீறினேன்.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார். மறுபடியும் பத்திரிகைக்குள் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்று குழந்தைகள் கேட்டால், "பானைக்கு வேர்க்கிறது, வேர்வை காய்கிறபோது சூட்டை எடுத்துக் கொண்டு போகிறது" என்று சொல்லிக் கொடுத்தவள் நான். கார்த்திகைக்கு வாங்கும் புது அகலை ராத்திரி முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, காய வைத்து, பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்றும் தெரியும். இல்லாவிட்டால் அகலே பாதி எண்ணெயைக் குடித்துவிடுமே! இவ்வளவும் தெரிந்தவளுக்குப் பூந்தொட்டியும் அதே மண் என்று மட்டும் தோன்றவில்லை.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டதும் இரண்டு பேருமாகக் கொசப்பேட்டைக்குப் போனோம். சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புரசைவாக்கத்தை அடுத்த இந்தப் பேட்டை, விநாயக சதுர்த்திப் பிள்ளையாருக்கும் கொலுப் பொம்மைக்கும் பேர் போனது. நாங்கள் போன சமயம் பொம்மைகள் பரணுக்குப் போய், கார்த்திகை அகல்கள் குவியல் குவியலாக வந்திருந்தன. மழைக்குப் பயந்து எல்லாவற்றின்மேலும் தார்ப்பாய். ஒரு கடையில் இருந்த வயதான அம்மாளிடம் உரிந்த தொட்டியைக் காட்டினோம்.

அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுத்திலும் அடைச்சுட்டா ஈரம் எந்தப் பக்கம்மா போவும்?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். மண் தொட்டியின் சுவர் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. உள்ளே ஊற்றும் தண்ணீர் அடித் துவாரத்தின் வழியாக மட்டும் வெளியேறுவதில்லை. சுவர் வழியாகவும் மெள்ளக் கசிந்து வந்து காற்றில் உலர்கிறது. மண் தொட்டியில் வேர் சுலபமாக அழுகாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம். வெளிப்புறம் முழுவதும் எனாமலைப் பூசிவிட்டால், அது எண்ணெய்ப் பசையுள்ள கெட்டித் தோல். கசிந்து வரும் ஈரம் அதன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கொண்டு தள்ளும். நம் ஊர் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் உப்புக்குக் குறைவா? அந்த உப்பு வர்ணத்துக்கு அடியில் படிந்து பரல் பரலாக வளரும். வர்ணம் உப்புகிறது, வெடிக்கிறது, உரிகிறது. தொட்டிக்குள்ளேயோ மண் சதா சொதசொதவென்று இருக்கும். துளசி பழுத்தது அதனால்தான்.

கொலுப் பொம்மை மட்டும் எப்படி என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. பாட்டி கொலுவில் வைத்த செட்டியார் பொம்மைக்கு இன்னும் மூக்கு நுனியில்கூட வர்ணம் போகவில்லை. அதுவும் மண்தானே! ஆனால் செட்டியாருக்கு நாம் தினம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஒன்பது நாள் படியில் உட்கார்ந்துவிட்டுத் துணி சுற்றிக் கொண்டு பெட்டிக்குள் போய்விடுகிறார். என் பேனாத் தொட்டியும் செட்டியார் ஜாதிதான்.

"இன்னும் பூசாத தொட்டி எத்தினி இருக்குது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள் இவள்.

"அதுல இந்தப் பெயிண்டை அடிக்காதே, கண்ணு. செவப்பைச் சூளையே குடுத்து அனுப்பிடுச்சு. அதுக்கு மேல வெள்ளையிலே நாலு கோடு போட்டாப் போதாதா?"

கடை ஓரத்தில் கல்யாணப் பானைகள் இரண்டு மூன்று இருந்தன. சுண்ணாம்பு வெள்ளையில் கோடும் புள்ளியுமாக, இடையிடையே பானையின் சிவப்பு தெரிந்தது. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். மண்ணில் உள்ள இரும்புச் சத்து நெருப்பில் பட்டுச் சிவக்கிறது. அதுதான் தொட்டியின் நிறம். செம்மண் பூசிய தரையில் மாக்கோலம் போடுகிறோமே, அதில் பாதி வேலையைச் சூளை முடித்து அனுப்பியிருக்கிறது. கோலம் ஒன்றுதான் பாக்கி! கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே வெறும் மண் இருப்பதால் தொட்டி தாராளமாக வேர்த்துக் கொள்ளும்.

ஜாக்கிரதைக்காக இன்னும் நாலு தொட்டி வாங்கிக் கொண்டோம். வாங்கும்போது அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். நன்றாக வெந்த தொட்டி "டங்" என்று ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் மொட்டையாக, "தொப்" என்று வரும். நீங்களும் இப்படித் தட்டாமல் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, 31 தொட்டிகளையும் புதிய நாலையும் அண்டாவிலும் பிளாஸ்டிக் டப்பிலுமாகத் தண்ணீரில் முழுக்கினோம். பகலில் ஒரு தடவை தண்ணீரை மாற்றினோம். இதில் இரண்டு லாபம். மண்ணிலேயே இருக்கும் உப்பில் கொஞ்சம் கரைந்து போய்விடும். இன்னொன்று, மண்ணில் சுண்ணாம்புக் கல் துணுக்குகள் கலந்திருந்தால் அவை தண்ணீர் பட்டதும் உப்பி, மேலே சில்லுச் சில்லாகத் தெறிக்கச் செய்யும். வர்ணம் போட்ட பிறகு தெறிப்பதைவிட முன்னாலேயே தெறிப்பது நல்லதல்லவா? எங்களுக்கு இரண்டு தொட்டிகள் அப்படிக் குழி விழுந்தன. நாலு கூடுதலாக வாங்கியது வீண் போகவில்லை.

பிறகு காய வைப்பது. வெயில் காலமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் போதும். ஐப்பசியில்? கூடம் முழுவதும் பத்திரிகைத் தாளை விரித்து, தொட்டிகளை ஓரத்தில் ஒரு குச்சி முட்டுக் கொடுத்துக் கவிழ்த்து வைத்து, மின்விசிறியைச் சுழல விட்டோம். எங்கள் வீட்டில் ஆறு நாள் யாரும் நேராக நடக்க முடியவில்லை. காய்ந்துவிட்டதா, இல்லையா என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது. மேலே உலர்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் பதுங்கியிருக்கும். இந்த இடத்தில் என் கணவர் ஓர் உபகாரம் செய்தார். ஊறப் போடும் முன்பே ஒரு தொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்து வைத்திருந்தார், 380 கிராம். ஊறி எடுத்தபோது 432. அந்தச் சின்னத் தொட்டி 52 கிராம் தண்ணீரைக் குடித்திருந்தது! எடை பழையபடி 380-க்கு இறங்கிய அன்றுதான் கோலம் போட உத்தரவு கொடுத்தார். தராசு இல்லாதவர்கள், தொட்டிமேல் ஒரு துண்டுப் பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். காலையில் அதன் உட்புறம் பனித்திருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

காய்ந்த தொட்டியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வழவழப்பாகும் வரை தேய்க்கத் தேவையில்லை. சொரசொரப்புக் கொஞ்சம் இருந்தால்தான் வர்ணம் பிடித்துக் கொள்ளும்.

வர்ணம் எது? எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்துக்குப் போன வருஷம் வெள்ளையடித்தபோது மிஞ்சிய வெளிச்சுவர் எமல்ஷன் காவலாளியிடம் அரை வாளி இருந்தது. சும்மாவே கொடுத்துவிட்டார். தண்ணீரில் கரைகிற இந்தப் பூச்சு எனாமல் மாதிரி ஈரத்தை இறுக அடைக்காது. கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். வேறு நிறம் வேண்டுமானால் வன்பொருள் கடையில் ஸ்டெயினர் என்று சிறு புட்டிகளில் விற்கிறார்கள். நாலு சொட்டு விட்டுக் கலந்து கொள்ளலாம். இது எதுவும் கிடைக்காவிட்டால் சித்திரச் சாமான் கடையில் வெள்ளை அக்ரிலிக் ஒரு புட்டி வாங்குங்கள். கோடு மட்டும் போடுவதால் ஒரு சிறு புட்டி பல தொட்டிகளுக்கு வரும்.

இனிமேல்தான் சிரமம் ஆரம்பித்தது. தரையில் கோலம் போடுகிற கை வேறு, தொட்டியில் போடுகிற கை வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தரை நமக்காக அசையாமல் கிடக்கிறது. தொட்டியோ உருண்டை, மேலே அகலம், கீழே குறுகல். பிரஷ்ஷை எடுத்துப் பெருமையாக ஓர் இழை இழுத்தேன். பாம்பு நெளிந்தது. அவள் வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். ஆகையால் நான் கோபித்துக் கொள்ளவில்லை.

அவள் செய்த யுக்தியைக் கேளுங்கள். மருதாணி வைக்கிற பிளாஸ்டிக் கூம்பு இருக்கிறதல்லவா? அதைப் போல ஒன்று சுற்றி, எமல்ஷனில் தண்ணீர் விடாமல் கொஞ்சம் சாக் பவுடர் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்து உள்ளே அடைத்தாள். நுனியை ஊசி போகிற அளவுக்கு மட்டும் வெட்டினாள். ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தொட்டியைத் தொப்பி மாதிரி மாட்டினாள். இடது கையால் தொட்டியை மெள்ளத் திருப்ப, வலது கை அசையாமல் ஒரே இடத்தில் நின்று கொண்டிருந்தது. கோடு தானாகச் சுற்றி வந்துவிட்டது! மாவை விரலிடுக்கில் விடுகிற பழக்கம் உள்ளவர்களுக்குப் பிரஷ்ஷைவிடக் கூம்புதான் சுபாவமாக வரும்.

பூ இதழோ படியோ சரிசமமாக வர வேண்டுமானால் தொட்டியைப் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். அதற்கு ஸ்கேல் உதவாது. ஒரு நூலை விளிம்பைச் சுற்றி அளந்து வெட்டி, மூன்று தடவை இரண்டாக மடியுங்கள். எட்டுப் பங்கு ஆகிவிடும். நாலு அங்குலத் தொட்டிக்கு ஒரு பங்கு ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். அடையாளத்துக்குச் சாக்குக் கட்டியால் புள்ளி வையுங்கள். அடிப்பாகத்துக்கு அதே நூலை வைத்தால் கணக்குத் தப்பும். அங்கே சுற்றளவு குறைவு. தனி நூல் வேண்டும். மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்கும் நேராகப் பார்த்துக் கொண்டால் கோலம் சாயாது.

சிக்குக் கோலம் போடுகிறேன் என்று முதல் தொட்டியிலேயே கிளம்பாதீர்கள். விளிம்பில் ஒற்றை இழை, அதற்குக் கீழே எட்டு வளைவு, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் மூன்று புள்ளி; இதுவே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். புள்ளிக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி போதும். இன்னும் சுலபம் வேண்டுமா? முற்றிய வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வர்ணத்தில் தொட்டு ஒற்றுங்கள். ஐந்து இதழ்ப் பூ விழும். எங்கள் கட்டிடத்துக் குழந்தைகள் இதைக் கண்டுகொண்ட பிறகு அன்று ராத்திரி யார் வீட்டிலும் வெண்டைக்காய் மிஞ்சவில்லை.

அடியிலிருந்து ஓர் அங்குலம் வெறுமனே விட்டோம். தண்ணீர் தேங்குவதும் உப்புப் படிவதும் அங்கேதான் அதிகம். வேலை முடிந்ததும் மேலே வார்னிஷ் பூசலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது. கோலத்துக்கு நடுவே வெற்றிடம் விட்டதே வேர்ப்பதற்காக. அதை வார்னிஷால் அடைத்தால் மறுபடி பழைய கதைதான். இழைகள் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனால் உள்ளூர இறுக இன்னும் சில நாள் பிடிக்கும். நாங்கள் ஐந்து நாள் விட்டுத்தான் மண் போட்டுக் கன்று நட்டோம்.

எனாமல் பூசி முடித்த அந்த 20 தொட்டிகள்? சுரண்டிப் பார்த்தோம். தண்ணீர் படாததால் வர்ணம் பிசின் மாதிரிப் பிடித்துக் கொண்டிருந்தது. ஒரு தொட்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும் போலிருந்தது. வர்ணம் நீக்கும் திரவத்தின் நெடியோ, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. கடைசியில் அவற்றில் மண்ணே போடவில்லை. நர்சரியில் கன்று வைத்துக் கொடுக்கிற சிறு பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே உள்ளே இறக்கினோம். தொட்டியின் அடியில் இரண்டு ஓட்டுச் சில்லைப் போட்டு அதன்மேல் வைத்ததால் வடிகிற தண்ணீரில் அது உட்காராது. வெளித் தொட்டி வெறும் சட்டைதான். தொட்டி முழுவதும் வர்ணம் வேண்டும், மயிலும் மாங்காயும் நிறைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இதுவே சரியான வழி. ஒன்று மட்டும், தண்ணீர் ஊற்றும்போது பிளாஸ்டிக் தொட்டியை வெளியே எடுத்து ஊற்றி, வடிய விட்டுத் திரும்ப வையுங்கள்.

சிலர் தொட்டியின் உட்புறத்தை நீர் புகாத பூச்சால் அடைத்துவிட்டு வெளியே பூசுகிறார்கள். வர்ணம் நிற்கும். ஆனால் தொட்டி பிளாஸ்டிக் தொட்டி மாதிரி ஆகிவிடும். தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிற கை அதைப் பாதியாகக் குறைத்துக் கொள்ள வேண்டும். நம் கைக்கு அந்தக் கட்டுப்பாடு வராது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு சமாசாரம். அவள் முதலில் எனாமல் பூசியபோது, நீலம் கடையில் வாங்கியது. மஞ்சள் மட்டும் அவள் மாமனார் வீட்டுப் பரணிலிருந்து வந்த பழைய டப்பா. எத்தனை வருஷத்தியது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து வர்ணங்களில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. வீட்டுக்குப் பூசும் வர்ணத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்து, 2017 நவம்பரிலிருந்து அது அமலுக்கு வந்தது. ஆகையால் பரண் டப்பாவை நம்பாதீர்கள். உரிந்து விழும் வர்ணச் சில்லு, தவழ்கிற குழந்தையின் வாய்க்குப் போகும். கொத்துமல்லியும் கீரையும் வைக்கிற தொட்டியானால் கேட்கவே வேண்டாம். அந்த மஞ்சளால் பூப்போட்டிருந்த மூன்று தொட்டிகளை நான் வாங்கி உடைத்துக் குப்பையில் சேர்த்துவிட்டேன். அவளுக்கு வருத்தம்தான். பதிலுக்கு மூன்று தொட்டி என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். ஆலோசனை சொன்னவள் அபராதம் கட்ட வேண்டாமா? அவற்றை ஊறப் போட்டுக் காய வைக்க நாளில்லை. கடைக்கார அம்மாளிடமே பழைய சரக்காக, உலர்ந்து கிடந்ததாகப் பார்த்து வாங்கிக் கோலம் போட்டோம்.

கோலத் தொட்டிகளிலும் நாளாக ஆக அடிப்பாகத்தில் வெள்ளை படியும். பயப்படாதீர்கள், தொட்டி வேர்க்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். பிடிவாதமான கறையானால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள். அந்தத் தண்ணீர் செடியின் வேரில் படாமல் பார்த்துக் கொண்டால் போதும்.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் ஆட்டோவில் இரண்டு நடையாக 51 தொட்டிகளும் போய்ச் சேர்ந்தன. பாதிக்கு மேல் கோலத் தொட்டியாக இருப்பதைப் பார்த்து, "நாங்கள் கேட்டது பளபளப்பு அல்லவா?" என்று அந்த வீட்டு அம்மாள் முகத்தைச் சுளித்தாளாம். இவள் உரிந்த மாதிரித் தொட்டியையும் கூடவே எடுத்துக் கொண்டு போயிருந்தாள். அதை எதிரே வைத்து நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஹாலில் கொண்டு போய் வை" என்றாளாம். எனக்கு இங்கே வீட்டில் கை வேலை ஓடவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. அதே பெண். இந்தத் தடவை முகம் வேறு மாதிரி இருந்தது. பாக்கி 4,650 ரூபாயைக் கையில் வாங்கியாகிவிட்டதாம். வந்திருந்தவர்கள் கோலத் தொட்டியாகவே பொறுக்கி எடுத்துக் கொண்டு போனார்களாம். அடுத்த மாதம் ஒரு சீமந்தத்துக்கு 30 தொட்டி கேட்டிருக்கிறார்களாம்.

"இது உங்களுக்கு, மாமி" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மயில் கழுத்து நீலத் தொட்டி!

"எனக்குக் கோலத் தொட்டி கிடையாதா?"

"எல்லாம் போயிடுத்து. மீந்தது இதுதான்" என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக் கொண்டு.

கன்றைத் தனியே எடுத்து வேறு தொட்டியில் நட்டுவிட்டேன். நீலத் தொட்டியில் இப்போது கரண்டிகளைப் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருக்கிறேன். இன்றுவரை ஒரு கொப்புளம் இல்லை.